தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டி விடுவது வீரம் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அதே வீடியோ சாயங்காலம் எங்கள் குடும்பக் குழுவிலும் வந்தது. எந்த ஊர் என்று போடவில்லை. ஒரு தரைப்பாலத்தின் மேல் செம்மண் கலரில் வெள்ளம் ஓடுகிறது. இரண்டு கரையிலும் ஜனங்கள் நிற்கிறார்கள். ஒரு டிரைவர், ஆட்கள் நிறைந்த பஸ்ஸை அந்தத் தண்ணீருக்குள் இறக்கி அக்கரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பின்னணியில் சினிமாப் பாட்டு. கீழே நம் ஆட்கள் வரிசையாக எழுதியிருக்கிறார்கள்: "மாஸ்", "கெத்து", "டிரைவர் அண்ணன் வேற லெவல்". பாதிக்கு மேல் என்னிடம் படித்த பிள்ளைகள். ஒருத்தராவது "உள்ளே இருந்த ஜனங்களைக் கேட்டாரா?" என்று எழுதவில்லை.

"இது வீரம் இல்லை, அடுத்தவர் உயிரை வைத்து ஆடிய சூதாட்டம்" என்று நான் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த பதில்கள்தான் இந்தப் பதிவை எழுத வைத்தன. யார் எதை எழுதினீர்கள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லப் போகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சொல்லாமல் வேறு எப்போது சொல்வது?

முதல் பதில்: "டீச்சர், நீங்க கார் ஓட்டினதே இல்லையே!"

உண்மைதான். ஸ்கூட்டியோடு சரி. ஆனால் ஆர்க்கிமிடீஸும் கார் ஓட்டியதில்லை. தண்ணீர் ஒரு பொருளை மிதக்க வைப்பதற்கு முன் யாரிடமும் லைசென்ஸ் கேட்பதில்லை.

இரண்டாவது பதில்: "வண்டி வெயிட்டா இருந்தா தண்ணி ஒண்ணும் பண்ணாது."

இதை எழுதியவர் எட்டாம் வகுப்பில் மிதத்தல் விதியை மனப்பாடமாக ஒப்பித்தவர். எனவே கணக்காகவே போடுவோம். ஒரு சின்ன காரின் எடை சுமார் 900 கிலோ. அதன் அடிப்பாகத்தின் பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். தரையிலிருந்து அடிப்பாகம் வரை 17 செ.மீ. இடைவெளி. தண்ணீர் அந்த 17 செ.மீ.யைத் தாண்டி இன்னும் 18 செ.மீ. ஏறினால் கார் எவ்வளவு தண்ணீரை ஒதுக்கும்? 5 பெருக்கல் 0.18, அதாவது 0.9 கன மீட்டர். 900 லிட்டர். 900 கிலோ. காரின் எடையும் அதுவே. அவ்வளவுதான், கார் மிதக்கும். மொத்த ஆழம் 35 செ.மீ. வளர்ந்த ஆளுக்கு முழங்கால்கூட முழுசாக நனையாது.

அந்த 35 செ.மீ. வரை காத்திருக்கவும் வேண்டாம். 30 செ.மீ.யிலேயே வண்டியின் எடையில் பெரும்பங்கைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் போய்விடும். அப்போது பக்கவாட்டில் ஓடுகிற தண்ணீர் லேசாகத் தள்ளினாலே போதும். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற எச்சரிக்கையும் இதுதான்: வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தால் நிற்கிற ஆளைச் சாய்த்துவிடும், 30 செ.மீ. இருந்தால் சின்ன கார்களைக் கொண்டுபோகும், 60 செ.மீ. இருந்தால் பெரிய வண்டிகளையும் கொண்டுபோகும். "என்னுடையது எஸ்யூவி" என்று மீசை முறுக்குகிறவருக்கும் தண்ணீர் 30 செ.மீ. கூடுதலாகத்தான் சலுகை தருகிறது.

புத்தகக் கணக்கு வேண்டாம் என்கிறீர்களா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்ச மழை கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. சாலையோரம் சும்மா நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி உருண்டு போனதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த வண்டிகளும் வெயிட்டானவைதான்.

இன்னொன்று. கலங்கல் தண்ணீருக்குக் கீழே பாலம் இருக்கிறதா என்பதை மேலே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நேற்று வரை இருந்த பாலத்தின் ஓரத்தை ராத்திரி வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருக்கலாம். நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கலாம். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பாட்டிமார்கள் காலுக்கே சொல்லி வைத்தார்கள். நாம் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு சக்கரத்தை விடுகிறோம்.

"ஆனா அந்த பஸ் போய்ச் சேர்ந்துச்சே டீச்சர்?" சேர்ந்தது. அக்கரை சேர்ந்த வண்டிக்குத்தான் பாட்டுப் போட்டு வீடியோ வரும். சேராத வண்டி செய்தியில் வரும். அதற்குப் பாட்டு இருக்காது. நீங்கள் பார்ப்பதெல்லாம் பாஸானவர்களின் மார்க் ஷீட் மட்டும். ஃபெயிலானவர் எத்தனை பேர் என்று தெரியாமல் பரீட்சை சுலபம் என்று முடிவு கட்டுவதற்கு நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சுரங்கப்பாதைக்கும் இதே பேச்சுதான். ஆற்று வெள்ளம் மாதிரி அங்கே தண்ணீர் ஓடாது, தேங்கி நிற்கும். அதனாலேயே சாதுவாகத் தெரியும். ஆனால் இறங்க இறங்க ஆழம் கூடும். இருட்டில் கணிக்கவே முடியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒருவர் உயிரிழந்தார். அது நடுக்கடல் இல்லை, தினம் ஜனங்கள் போய்வரும் வழி.

நடுவழியில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி மறுபடி சாவியைத் திருகாதீர்கள். இன்ஜினுக்குள் போன தண்ணீர் அமுங்காது, உள்ளே இருக்கும் கம்பிகளைத்தான் வளைக்கும். அந்தச் செலவைச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. அது பணம், போகட்டும். உயிருக்கு இதை நினைவில் வையுங்கள்: தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்த உடனே சீட் பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, வெளியே வா. போன் பண்ண உட்காராதே. தண்ணீர் கதவின் பாதி ஏறிவிட்டால் வெளி அழுத்தத்தில் கதவு திறக்காது. கொஞ்ச நேரத்தில் பவர் விண்டோவும் வேலை செய்யாது. உடைக்க வேண்டி வந்தால் பக்கத்துக் கண்ணாடியை, அதுவும் மூலையில் அடி. முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, சுலபத்தில் உடையாது.

மூன்றாவது பதில்: "எனக்கு 20 வருஷ அனுபவம் இருக்கு."

நல்லது. அந்த 20 வருஷத்தில் மழை நாள் எத்தனை? உன் கையும் காலும் பழகியது காய்ந்த ரோட்டில். நனைந்த ரோடு வேறு ரோடு.

மறுபடி கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். எதிரே மாடு வந்ததைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க நல்ல டிரைவருக்கே ஒரு வினாடி ஆகும். அதற்குள் 17 மீட்டர் போயாச்சு. பிறகு பிரேக் பிடித்து வண்டி நிற்க, காய்ந்த தார் ரோட்டில் சுமார் 20 மீட்டர். ஈர ரோட்டில் 35 மீட்டருக்குக் குறையாது. மொத்தம் 52 மீட்டர். டயர் வழுவழு என்றிருந்தால் இன்னும் கூடும். இதையே மழையில் 40 கி.மீ. வேகத்தில் போனால்? ஒரு வினாடிக்கு 11 மீட்டர், பிரேக்குக்கு 16 மீட்டர், மொத்தம் 27. பாதிக்குப் பாதி. வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் நிற்கும் தூரம் பாதியாகிறது. வேகத்தின் வர்க்கம் என்று கரும்பலகையில் எழுதினேனே, அதன் விலை இதுதான்.

இதனால் நஷ்டம் எவ்வளவு? 30 கி.மீ. தூரத்தை 60-ல் போனால் அரை மணி. 40-ல் போனால் முக்கால் மணி. 15 நிமிடம். காபி குடித்துவிட்டுப் பேப்பர் புரட்டுகிற நேரம்.

அனுபவசாலிகள் கவனிக்காத சில விஷயங்கள். மழை பிடித்த முதல் கால் மணி நேரம்தான் ரோடு அதிகமாக வழுக்கும். வெயில் காலம் முழுக்கச் சொட்டிய ஆயிலும் டயர் தூளும் புழுதியும் அந்த முதல் தூறலில் குழைந்து எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். நன்றாகக் கொட்டிக் கழுவின பிறகு கொஞ்சம் தேவலை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "பெருசா பிடிக்கிறதுக்குள்ள போயிடலாம்" என்று அந்தக் கால் மணி நேரத்தில்தான் விரட்டுகிறோம். அடுத்து, டயரின் பள்ளத்துக்குள் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துக்குத் தேரே பாருங்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் காருக்கு மிச்சம் 1.6 மி.மீ.தான். அதற்குக் கீழே சட்டப்படியே ஓட்டக்கூடாது. தண்ணீரை வழித்து வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். அது இல்லாவிட்டால் டயருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் ஒரு பாய் விரித்துவிடும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது என்றால் நீங்கள் அந்தப் பாயில் சறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வெட்டித் திருப்பாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறைந்ததும் பிடிமானம் தானாக வரும்.

முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே நான்கு வினாடி இடைவெளி. காய்ந்த ரோட்டில் இரண்டு, மழையில் நான்கு. எப்படி அளப்பது? முன் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணத் தொடங்குங்கள். "ஆயிரத்து நான்கு" முடிவதற்குள் நீங்கள் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டால் ரொம்ப நெருங்கிப் போகிறீர்கள். இடைவெளி விட்டால் இன்னொருத்தன் புகுந்துவிடுவான் என்பீர்கள். புகட்டும். இன்னொரு முறை இடைவெளி விடுங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறானா? இடது பக்கம் ஒதுங்கி அவனுக்கு வழி விடுங்கள். அவன் அவசரத்தை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

நான்காவது பதில்: "நாலு பக்கமும் லைட்டைச் சிமிட்ட விட்டுக்கிட்டுத்தான் டீச்சர் போறேன்."

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிற பெரிய தப்பு இது. நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து எரிந்தால் "என் வண்டி நின்றுவிட்டது" என்று அர்த்தம். ஓடுகிற வண்டியில் அதைப் போட்டுக்கொண்டு போனால், பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று தெரியாது. அதோடு பெரும்பாலான வண்டிகளில் அது எரியும்போது நீங்கள் வலது திரும்புகிறீர்களா இடது திரும்புகிறீர்களா என்று காட்டவும் வழியில்லை. மழையில் ஹெட்லைட்டைப் போடுங்கள், டிம் பண்ணிப் போடுங்கள். பகலாக இருந்தாலும் போடுங்கள். பார்க்கிங் லைட் மட்டும் போதாது. வண்டியே நின்றுபோய் ஓரம் கட்டினால் அப்போது நாலையும் எரியவிடுங்கள்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். பனி என்பது காற்றில் மிதக்கும் தண்ணீர்த் துளி. வெளிச்சம் அதில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். டிம் லைட் கீழே பாயும், ரோடு தெரியும். அதுவும் போதாவிட்டால், பாதுகாப்பான இடம் பார்த்து ரோட்டை விட்டு முழுசாக இறங்கி நிறுத்துவதுதான் வழி. மார்கழி விடியற்காலையில் கோயிலுக்கு வாடகை வேன் பிடிக்கிற உறவுகளே, ராத்திரி முழுக்கக் கண் விழித்த டிரைவரைப் பனிக்குள் விரட்டாதீர்கள். சாமி எட்டு மணிக்கும் அங்கேதான் இருக்கும்.

மலைப்பாதை பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. மழையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. ஏறுகிற வண்டிக்கு வழி விடு. ஈரச் சருகு, உருண்டு கிடக்கும் கல், இரண்டும் வளைவுக்குப் பின்னால்தான் இருக்கும்.

இப்போது இருசக்கர வாகனம். நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் போகிறீர்கள்.

பின்னால் உட்கார்ந்து குடை பிடிக்கிற அக்கா தங்கைகளே, தயவுசெய்து விட்டுவிடுங்கள். 40 கி.மீ. வேகத்தில் விரித்த குடையைக் காற்று சுமார் ஏழு கிலோ பாரத்துக்குப் பின்னால் இழுக்கும். எதிர்க்காற்று அடித்தால் இரட்டிப்பாகும். நீங்கள் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் பிள்ளையை அணைத்து, இன்னொரு கையில் குடை பிடித்தால் வண்டியைப் பிடிக்க எந்தக் கை இருக்கிறது? ஒரு பஸ் பக்கத்தில் கடந்தாலே போதும். இப்படிப் பின்னால் சாய்ந்து தலை அடிபட்டவர்கள் செய்தியை ஒவ்வொரு மழைக்காலமும் பேப்பரில் படிக்கிறோம். நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். பத்து நிமிடம் கடை ஓரம் ஒதுங்கினால் நனையவும் வேண்டாம்.

ஓட்டுகிறவர்களுக்கு: ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பாலத்து இரும்பு இணைப்பு, இவை மூன்றும் ஈரத்தில் சோப்பு மாதிரி. அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், சாய்க்காதீர்கள். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடிக்காமல் இரண்டையும் சேர்த்து மெதுவாக. தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டுக் காய விடுங்கள். தொளதொள ரெயின்கோட் சக்கரத்தில் மாட்டும், இழுத்துக் கட்டுங்கள். ஹெல்மெட் கண்ணாடி மங்குகிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றித் தொடையில் வைக்காதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி விட்டால் போதும். அடிபடுவது தலை, தொடை இல்லை.

பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் மழை நாளில் சாவியைக் கொடுத்து டியூஷனுக்கு அனுப்புகிற பெற்றோருக்கு: 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி உங்களுக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம். பிள்ளைக்குப் பயந்து நிறுத்துங்கள்.

ஐந்தாவது பதில்: "ரோடே சரியில்ல. கவர்மென்ட்டைக் கேளுங்க டீச்சர்."

கேட்கிறேன். இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். எந்தத் தரைப்பாலத்தில் ஒவ்வொரு வருடமும் தண்ணீர் வரும் என்று ஊர் டீக்கடைக்காரருக்குத் தெரியும். அங்கே ஆழம் காட்டும் கல் நட, குறுக்கே ஒரு சங்கிலி போட, ராத்திரியில் ஒரு விளக்கு வைக்க என்ன பெரிய செலவு? வெள்ளைப் பட்டை அடிக்காத வேகத்தடை, தோண்டிப் போட்டு மூடாத பள்ளம், மோட்டார் ரிப்பேரான சுரங்கப்பாதை, இவற்றுக்கு யார் பொறுப்பு? ரோட்டைத் தரமாகப் போடாத ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதே சட்டத்தில் 198ஏ என்று பிரிவு இருக்கிறது. எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள், மனுவாக எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

ஆனால் ரோடு சரியில்லை என்பது மெதுவாகப் போவதற்குக் காரணமா, வேகமாகப் போவதற்குக் காரணமா? பள்ளம் இருக்கிறது என்று தெரியும், தண்ணீர் அதை மறைத்திருக்கிறது என்றும் தெரியும். தெரிந்தபிறகும் 70-ல் போய்விட்டு அரசைத் திட்டினால், திட்டு நியாயம்தான், கால் உடைந்தது உடைந்ததுதான். அரசை நாளைக்குத் திருத்த வேண்டும். ஆக்ஸிலேட்டர் இன்றைக்கே உன் கையில் இருக்கிறது.

ஆறாவது பதில் கொஞ்சம் படித்தவர் எழுதியது: "புள்ளிவிவரப்படி பெரும்பாலான விபத்து தெளிவான வானிலையில்தான் நடக்குது."

சரியான தகவல், தப்பான முடிவு. வருடத்தில் பெரும்பாலான நாள் வானம் தெளிவாகத்தான் இருக்கிறது, பெரும்பாலான பயணமும் அன்றைக்குத்தான். அதனால் எண்ணிக்கை அங்கே கூடும். பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளில் நூறு பேர் ஃபெயில், ஐம்பது பேர் படிக்கும் டியூட்டோரியலில் இருபது பேர் ஃபெயில் என்றால் எங்கே நிலைமை மோசம்? எண்ணிக்கையையும் விகிதத்தையும் குழப்பாதே என்று ஏழாம் வகுப்பிலேயே சொன்னேன். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் சுமார் 44 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தெளிவான நாளிலேயே நாம் இந்த அழகில் ஓட்டுகிறோம் என்றால், மழை நாளில் கூடுதலாக நிதானம் வேண்டுமா, வேண்டாமா?

கடைசியாக, எனக்குக் கோபம் வந்த பதில்: "எல்லாம் விதி டீச்சர். போற நேரம் வந்தா வீட்டுல இருந்தாலும் போயிடும்."

இதை எழுதியவர் தன் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறார். வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். விதி ரோட்டில் மட்டும்தான் வேலை செய்யுமா?

என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு பையன். பெயர் சொல்ல மாட்டேன், உங்களில் சிலருக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி, கொட்டும் மழையில், வேலை பார்த்த ஊரிலிருந்து பைக்கில் கிளம்பினான். வழியில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. அம்மாவுக்கு எடுத்த புடவை பையில் அப்படியே இருந்தது. நான் துக்கம் கேட்கப் போனபோது அங்கே வந்த ஒவ்வொருவரும் "விதி" என்றார்கள். அந்த அம்மா மட்டும் சொல்லவில்லை. "காலையில வாடான்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பான் டீச்சர், எங்க இருக்க எங்க இருக்கன்னு எல்லாரும் போன் பண்ணிக்கிட்டே இருந்தோம்" என்றார். அந்த அம்மாவிடம் போய் விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளக்கில்லாமல் லாரியை நிறுத்தியது ஒரு மனிதன். தீபாவளிக்கு முதல் நாள் மாலை வரை லீவு தராமல் வைத்திருந்தது ஒரு மனிதன். எல்லாவற்றையும் விதி தலையில் போட்டுவிட்டால் இவர்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம்.

எனவே ஓட்டுகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. விரட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

மேனேஜராக இருக்கிற என் மாணவர்களே, மழை எச்சரிக்கை இருக்கிற நாளில் அரை மணி தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிக்காதீர்கள். உங்கள் வருகைப் பதிவேடு ஒருவனை 70-ல் ஓட்ட வைக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து போனில் சாப்பாடு வரவழைக்கிறவர்களே, வெளியே கொட்டும்போது "இன்னும் ஏன் வரல" என்று அந்தத் தம்பிக்குப் போன் பண்ணாதீர்கள். அவன் வண்டியில் இருக்கிறான். அன்றைக்கு ரசம் வைத்துச் சாப்பிட்டால் குறைந்துபோக மாட்டீர்கள்.

ஆசிரியர்களாகி இருக்கிற என் பிள்ளைகளே, மழை நாளில் பத்து நிமிடம் பிந்தி வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள். மணி அடிப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்றுதான் ஓர் அப்பா மூன்று பிள்ளைகளை ஸ்கூட்டரில் அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் விடுகிறார். முதல் பீரியடை மறுபடி நடத்தலாம்.

உறவுகளே, முகூர்த்தத்துக்கு வர முடியாதவர் மறுநாள் வந்து மொய் வைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கிளம்பிவிட்டவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் செய்யாதீர்கள். "மழை விட்டதும் வா, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்று ஒரு குரல் பதிவு அனுப்புங்கள், போதும்.

பஸ் ஓட்டுகிற பிள்ளைகளே, வெள்ளத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் உள்ளே இருந்து நாலு பேர் திட்டுவார்கள். "அந்த வண்டி போகுதே, உனக்கு என்ன பயம்" என்பார்கள். திட்டட்டும். திட்டுகிற அளவுக்கு அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகளாக இருக்கிற மற்றவர்கள் அந்த நேரத்தில் "சரியாச் செஞ்சீங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கைதட்டுவதாக இருந்தால் நிறுத்தினவருக்குத் தட்டுங்கள். நம் குழுவில் இனி அப்படி ஒரு வீடியோ வந்தால், எமோஜி போடும் முன் உள்ளே உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மா என்று நினைத்துப் பாருங்கள்.

நான் சொன்னதில் கணக்குத் தப்பு இருந்தால் காட்டுங்கள். மறுப்பு இருந்தாலும் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்